ரசா அடா

வேலாயுதம் வானத்தை அண்ணாந்து பார்த்து "ரசா ஹுஜான்" என்று சொன்னால், சந்திரமதி ஈரத்துணியைத் தைரியமாகக் கொடியில் போடுவாள். மழை வரும் என்று நினைக்கிறேன் என்பது அதன் பொருள். அவன் அப்படிச் சொன்ன நாட்களில் மலாக்காவில் மழை பெய்ததே இல்லை.

காஜா பேராங்கில் அவன் வீட்டார் மலாக்கா செட்டிகள். கோயில் உண்டு, திருநீறு உண்டு, தீபாவளி உண்டு, தமிழ்தான் இல்லை. பல தலைமுறைகளாக அவர்கள் வீட்டில் பேசுவது அவர்களுக்கே உரிய ஒரு மலாய். சந்திரமதியோ ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பெண். கல்யாணமாகி வந்த முதல் வாரம், அவன் சோற்றைப் பிசைந்தபடி "ரசா..." என்று ஏதோ யோசனையாக ஆரம்பிக்க, அவள் அடுக்களைக்கு ஓடி ஒரு கிண்ணம் ரசம் கொண்டுவந்து ஊற்றிவிட்டாள். மாமியார் கண்ணம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

போகப்போகக் கற்றுக்கொண்டாள். நாக்கில் தெரிகிற ருசியும் ரசா. தொட்டால் தெரிகிற உணர்ச்சியும் ரசா. 'நினைக்கிறேன்' என்பதற்கும் அதே ரசாதான். எப்போது எந்த ரசா என்பதை அவன் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"உங்க பாஷைல நினைக்கிறதும் தெரியறதும் ஒண்ணா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ரசா சாமா" என்றான் வேலாயுதம். ஒன்றுதான் என்று நினைக்கிறானாம்.

அதோடு அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

வேலாயுதத்துக்கு ஜாலான் பெண்டஹாராத் தெருவில் ஓர் அச்சகத்தில் வேலை. முதலாளி கலியாணசுந்தரம். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீசு, தீபாவளி வாழ்த்து அட்டை எல்லாம் அங்கே அச்சாகும். அச்சான தாளை அடுக்கி வெட்டும் இயந்திரம் வேலாயுதத்தின் பொறுப்பு. அரிவாள்மணையை விடப் பத்து மடங்கு பெரிய கத்தி மேலிருந்து இறங்கி, ஒரு கட்டுத் தாளை வெண்ணெய்போல வெட்டிவிட்டு மேலே ஏறும்.

சிங்கப்பூர் பிரிந்துபோன அந்த ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள், மேலே ஏறிய கத்தி நிற்காமல் மறுபடி இறங்கியது. கோணலாக இருந்த ஓர் அட்டையைத் தட்டிச் சரிசெய்ய வேலாயுதம் வலது கையை நீட்டியிருந்தான்.

கை மணிக்கட்டில் வெட்டுப்பட்டது. முழுதாகத் துண்டாகவில்லை. சுண்டுவிரல் பக்கத்துச் சதையும் தோலும் மட்டும் பிடித்துக்கொண்டிருக்க, மற்றதெல்லாம் விட்டுப்போய்த் தொங்கியது.

கலியாணசுந்தரம் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அடுத்த கடையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த ஆ ஹொக் ஓடிவந்து, தோளில் கிடந்த துண்டால் மேல்கையை இறுக்கிக் கட்டினார். தொங்கிய கையைப் பலகையில் கிடத்திச் சுற்றினார்.

"இனி எதுக்குப்பா இதைச் சுத்திக்கிட்டு? போனது போச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

"வாயை மூடு" என்றார் ஆ ஹொக் மலாயில். "ஷாங்காயில் ஒரு தொழிலாளிக்கு முழுசா துண்டான கையையே ஒட்டவெச்சிருக்காங்க. சீனப் பேப்பர்ல போட்டான். இது தொங்கிக்கிட்டாவது இருக்கு."

அவருடைய பழைய வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அன்றைக்கு அங்கே இருந்தவர் டாக்டர் பொன்னுதுரை. யாழ்ப்பாணத்துக்காரர். சீமையில் படித்துவிட்டு மலாக்காவுக்கு வந்து அதிக நாளாகவில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்தத் தோலையும் வெட்டி எடுத்துவிட்டுக் கட்டுப் போட்டிருப்பார்கள். அவர் கத்தி போன வழியைக் குனிந்து பார்த்தார். ஆலைச் சக்கரத்தில் நசுங்கிய கையில்லை; கூரான கத்தி சீராக வெட்டிய கை.

"காது டாக்டரின்ட மைக்ரோஸ்கோப்பைத் தள்ளிக்கொண்டு வாங்கோ" என்றார்.

மத்தியானம் உள்ளே கொண்டுபோனார்கள். சந்திரமதி வெளியே ஒரு மரப்பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கண்ணம்மா. உள்ளே கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு மருந்து வாடை வந்து அடித்தது. வெயில் தாழ்ந்தது, விளக்குப் போட்டார்கள், பெஞ்சின் கட்டை முதுகில் பதிந்தது. கதவு திறந்து யாராவது வரும்போதெல்லாம் 'செத்துவிட்டான் என்று சொல்லத்தான் வருகிறார்கள்' என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு எத்தனை தடவை வந்தது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டர் வெளியே வந்தபோது அவர் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"தங்கச்சி தமிழோ?"

"ஆமாங்க டாக்டர். அவருக்குத்தான் தமிழ் அவ்வளவா வராது."

"கை உயிரோட இருக்கு. இடியாப்ப இழை மாதிரி ரத்தக் குழாய், அதைத் தலைமயிரைவிட மெல்லிய நூலால தைச்சிருக்கிறன். நகம் சிவக்குது. எலும்பைப் பொருத்தியாச்சு, தசைநாரையும் தைச்சாச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா ஒரு நரம்பு கிடக்கு. கட்டைவிரலுக்கும் பக்கத்து ரெண்டு விரலுக்கும் உணர்ச்சி குடுக்கிற நரம்பு. அது அறுந்ததோ, நசுங்கி மட்டும் கிடக்குதோ எண்டு ரத்தத்துக்குள்ள எனக்குச் சரியாப் பிடிபடேல்லை. அவரும் களைச்சுப்போனார், அதுக்குமேல வைச்சிருக்கேலாது. மூண்டு கிழமை பொறுத்துப் பாப்பம். உணர்ச்சி இருந்தால் நல்லது. இல்லையெண்டால் திரும்பத் திறந்து நரம்பைத் தேடித் தைக்கோணும்."

"திரும்ப உள்ள கொண்டுபோவீங்களா?"

"ஓம். அதைத் தள்ளிப்போடக்கூடாது. நாள் போகப்போக அறுந்த நரம்பு சுருண்டுபோயிடும், பிறகு தைச்சும் பலனில்லை."

ஊர் திரண்டு வந்து பார்த்தது. தைத்த கையைப் பார்க்க வந்தவர்கள் அவனுடைய முகத்தைப் பார்க்க மறந்தார்கள். கலியாணசுந்தரம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

"என்னய்யா வேலாயுதம், சட்டைக் கையைத்தான் தைப்பாங்க. உனக்குக் கையையே தைச்சிட்டாங்களே."

சந்திரமதி அதை மலாயில் சொன்னாள். வேலாயுதம் சிரித்தான். அவர் போனபிறகு மெதுவாகச் சொன்னான்: தையல்காரர் மறுபடி கூப்பிட்டால் தான் போகமாட்டானாம். முதல் தடவை மயக்கம் தெளிந்தபோது தான் யார் என்றே தெரியாமல் இருட்டுக்குள் கிடந்தது போல இருந்ததாம். அந்த இருட்டுக்குள் மறுபடி போக முடியாதாம்.

"போகவேண்டாம்" என்றாள் அவள். மரப்பெஞ்சை நினைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

மூன்று வாரம் கழிந்தது. டாக்டர் பொன்னுதுரை ஓர் ஊசியோடு கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தாதி ஒருத்தி மொழிபெயர்க்க முன்வந்தாள். அவர் மறுத்துத் தலையசைத்தார்.

"வேண்டாம் மிஸ்ஸி. மலாயில இவர் சொல்லி, அதை நீங்கள் இங்கிலீசில சொல்லி, அதை நான் யோசிக்கிறதைவிட இவ தமிழில சொன்னால் எனக்கு உறுதி. தங்கச்சி, கண்ணை மூடச் சொல்லுங்கோ. குத்துறது தெரியுதோ எண்டு கேளுங்கோ."

வேலாயுதம் கண்ணை மூடினான். டாக்டர் சுண்டுவிரலில் குத்தினார்.

"ரசா?" என்று கேட்டாள் சந்திரமதி.

"ரசா" என்றான் சட்டென்று, முகத்தைச் சுளித்து.

"தெரியுதாம்."

"அது அறுபடாத பக்கம். தெரியத்தான் வேணும்." டாக்டர் ஊசியைக் கட்டைவிரலுக்குக் கொண்டுபோனார். குத்தினார்.

"ரசா?"

மூடிய இமைக்குள் கண்கள் அசைந்தன. மழை வருமா என்று வானத்தைப் பார்க்கும்போது அவன் நெற்றியில் விழுகிற கோடு விழுந்தது.

"ரசா அடா" என்றான்.

உணர்ச்சி இருக்கிறது. இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் அதே இரண்டு சொல்தான். எது என்று அந்த நெற்றிக் கோடு சந்திரமதிக்குச் சொல்லியது. ஆனால் கதவுக்கு வெளியே அந்த மரப்பெஞ்சின் ஒரு மூலை தெரிந்துகொண்டிருந்தது.

"என்ன சொல்லுறார்?"

"தெரியுதாம், டாக்டர்."

"வடிவாக் கேட்டனீங்களோ?"

"தெரியுதுன்னுதான் சொல்றாரு."

டாக்டர் பொன்னுதுரை அந்த வார்டில் முதல் தடவையாகச் சிரித்தார். ஊசியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, வேலாயுதத்தின் தோளைத் தட்டினார். "அப்ப நரம்பு அறுபடேல்லை. இனித் திறக்கத் தேவையில்லை. தன்பாட்டில தேறும்."

வேலாயுதம் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தான். அவள் தலையணை உறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அடுத்த மாதமே டாக்டரை வேறொரு ஊருக்குத் தற்காலிகமாக அனுப்பினார்கள். அவருக்குப் பதிலாகப் பார்த்தவர்கள் தழும்பைப் பார்த்தார்கள், நகத்தை அழுத்திப் பார்த்தார்கள், "பாகுஸ்" என்று பாராட்டி அனுப்பினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது கை.

கலியாணசுந்தரம் அவனை வெட்டும் இயந்திரத்தின் பக்கமே விடவில்லை. தாள் அடுக்குகிற வேலை கொடுத்தார். வேலாயுதம் தாளைச் சுண்டுவிரலாலும் மோதிரவிரலாலும் எடுக்கப் பழகினான். கண்ணால் பார்த்தபடி எடுத்தால் விழாது. பார்வை விலகினால் தேநீர்க் கிளாஸ் கையிலிருந்து நழுவியது. சட்டைப் பொத்தானைக் கண்ணாடி முன் நின்று போட்டான். சந்திரமதியின் கன்னத்தைத் தொடும்போது இடக்கையால் தொட்டான்.

ஒரு சாயங்காலம் வாசல் படியில் அவன் உட்கார்ந்திருந்தான். வலது கட்டைவிரலின்மேல் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. வயிறு புடைத்துச் சிவக்கும்வரை உட்கார்ந்திருந்தது. சந்திரமதி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அருகே போய் அடித்தாள். விரலில் ரத்தப்பொட்டு. அடித்த சத்தம் கேட்டுத்தான் வேலாயுதம் குனிந்து பார்த்தான்.

"நிசமாவே தெரியுதா உங்களுக்கு?"

"ரசா."

"எந்த ரசா?"

"ரசம் ரசா" என்று தமிழில் சொல்லிச் சிரித்தான். அவனுக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய் அடுப்பின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லலாம். சொன்னால் மறுபடி திறப்பார்கள். தன்பாட்டில் தேறும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டாள். டாக்டர் அப்படிச் சொன்னது எதை நம்பி என்பதை அவள் நினைக்கவில்லை.

போகி வந்தது. காஜா பேராங்குச் செட்டிகளுக்குப் பொங்கலைவிடப் பெரிய நாள் அதற்கு முந்தின நாள். வீட்டில் இறந்துபோனவர்களுக்கு வாழை இலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். பார்ச்சு என்பார்கள். இலைகளுக்கு முன்னால் வீட்டு மூத்த மகன் கரிநெருப்புச் சட்டியில் சாம்பிராணி தூவி, அதைக் கையில் ஏந்தி, முன்னோரைக் கூப்பிட வேண்டும்.

"உன் தம்பி ஏந்தட்டும்" என்றாள் கண்ணம்மா, மகனின் கையைப் பார்த்து.

உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். போன கை திரும்பி வந்ததைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள். வேலாயுதம் அம்மாவைப் பார்த்தான்.

"ரசா போலே" என்றான்.

முடியும் என்று நினைக்கிறானாம். சந்திரமதி, கறிச்சட்டியைக் கையில் வைத்தபடி, அவன் நெற்றியைப் பார்த்தாள். கோடு இருந்தது. இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல மனமில்லாமல், இலையில் கறியை வைக்கப் போனாள்.

நெருப்புச் சட்டியின் அடியில் மடித்த துணி வைத்து வலது கையில் ஏந்தினான். இடக்கையால் சாம்பிராணி தூவினான். புகை கூரைவரை ஏறியது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அப்பா, தாத்தா, அவருக்கு முந்தினவர் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி, சாப்பிட வாருங்கள் என்று வேலாயுதம் கூப்பிட்டான். பெயர்கள் நிறைய இருந்தன. யாருக்கும் சாம்பிராணி வாசத்தைத் தவிர வேறு வாசம் தெரியவில்லை.

சந்திரமதிதான் முதலில் கண்ணைத் திறந்தாள். சட்டியிலிருந்து ஒரு கங்கு சரிந்து, விளிம்புக்கும் அவன் கட்டைவிரலின் அடிச்சதைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. புகை இரண்டு இடத்திலிருந்து எழுந்தது. வேலாயுதம் கண்ணை மூடியபடி கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் முகம் அமைதியாக இருந்தது.

"என்னாங்க" என்றாள். "கை."

அவன் கண்ணைத் திறந்து பார்த்தான். கத்தவில்லை. கத்த அவனுக்குக் காரணம் தெரியவில்லை. சட்டியைக் கீழே வைத்துவிட்டு, இடக்கையால் கங்கைத் தட்டிவிட்டான். இடக்கை சுட்டது, அதை உதறிக்கொண்டான். அதைப் பார்த்துத்தான் கண்ணம்மா அழ ஆரம்பித்தாள்.

டாக்டர் பொன்னுதுரை மலாக்காவுக்குத் திரும்பி வந்திருந்தார். வெந்த இடத்தைப் பார்த்தார். எலும்பு தெரிந்தது. ஓர் ஊசியை எடுத்து, கட்டைவிரலின் நுனியில் குத்தினார். ஆட்காட்டிவிரலில் குத்தினார். வேலாயுதம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, அண்டைக்கு இவர் என்ன சொன்னவர்? அவர் சொன்ன சொல்லை அப்பிடியே சொல்லுங்கோ."

"ரசா அடா ன்னாரு."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"தெரியுதுன்னும் அர்த்தம். தெரியுதுன்னு நினைக்கிறேன்னும் அர்த்தம்." அவள் குரல் அடங்கிப்போனது. "அவரு நினைக்கிறேன்னுதான் சொன்னாரு. எனக்கு அப்பவே தெரியும்."

தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று வேலாயுதத்துக்குப் புரிந்தது. மலாயில் ஏதோ சொன்னான். டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் அதைத் தமிழில் சொல்லவில்லை. அதற்குள் அவருக்கும் கொஞ்சம் மலாய் வந்திருந்தது. அவன் சொன்னது இவ்வளவுதான்: அவள் மேல் குற்றம் இல்லை, நான் சொன்னதைத்தான் சொன்னாள்.

டாக்டர் ஊசியைக் கிண்ணத்தில் வைத்தார்.

"தெரியுது எண்டு கேக்கத்தான் எனக்கும் விருப்பமா இருந்தது" என்றார். "இன்னொருக்கா, இன்னொரு விரலில குத்திப் பாத்திருக்கலாம். பாக்கேல்லை."

புண் ஆறினால் அப்போதாவது நரம்பைத் தேடிப் பார்க்கிறேன் என்றார். புண் ஆறவில்லை. வலிக்காத புண் என்பதால் வேலாயுதம் அதை எங்கும் இடித்துக்கொண்டான். சீழ் எலும்புக்குள் இறங்கியது, காய்ச்சல் ஏறியது. அவர் இழை இழையாகத் தைத்த குழாய்கள் மட்டும் கடைசிவரை ரத்தத்தைக் கொண்டுவந்துகொண்டே இருந்தன. நகம் சிவப்பாகவே இருந்தது. உயிரை வைத்துக்கொள்ள வேண்டுமானால் கையை எடுத்தாக வேண்டும் என்று ஒருநாள் சொன்னார்.

"தமிழிலயோ மலாயிலயோ, ரெண்டு அர்த்தம் வராத மாதிரிக் கேளுங்கோ" என்றார் சந்திரமதியிடம். கடுமையாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போலத்தான் இருந்தது.

அவள் கேட்டாள். வேலாயுதம் 'ரசா' என்ற சொல்லைச் சேர்க்காமல் பதில் சொன்னான். "போலே." எடுக்கலாம்.

அவளே மரப்பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இந்தத் தடவை சீக்கிரமே முடிந்துவிட்டது. ஒட்டுவதற்குத்தான் நேரம் ஆகிறது.

காலையில் வேலாயுதம் கண் விழித்தான். டாக்டர் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்திரமதி கட்டிலின் மறுபக்கம் நின்றாள். அவன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். பிறகு முகம் மாறியது. நெற்றியில் கோடு இல்லை.

"ரசா அடா" என்றான்.

டாக்டர் நிமிர்ந்தார். "என்ன சொல்லுறார்?"

சந்திரமதி குனிந்து, எந்த ரசா என்று கேட்டாள். மலாயில் கட்டைவிரலுக்கு ஈபு ஜாரி என்று பெயர்; விரல்களின் தாய். அதைத்தான் சொன்னான் அவன். அது அங்கே இருக்கிறது, மடங்கியிருக்கிறது, நுனியில் வலிக்கிறது, ஊசி குத்துவது போல. இத்தனை மாதமாகத் தெரியாதது இப்போது தெரிகிறது.

அவள் டாக்டரைப் பார்த்தாள்.

"கட்டைவிரல் தெரியுதாம், டாக்டர்" என்றாள். "நினைக்கலையாம். தெரியுதாம்."

டாக்டர் பொன்னுதுரை கட்டுப்போட்ட முனையைப் பார்த்தார். அதற்கு அப்பால் விரிப்பு தட்டையாகக் கிடந்தது. கை போனவர்களுக்குச் சில காலம் அப்படி இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தவர், கட்டின் முடிச்சைச் சரிசெய்யத் தொடங்கினார்.

"பெகாங்" என்றான் வேலாயுதம். பிடித்துக்கொள் என்கிறான்.

சந்திரமதி கட்டிலைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். தட்டையான விரிப்பின்மேல், கட்டைவிரல் இருந்திருக்க வேண்டிய இடத்தில், உள்ளங்கையை வைத்து மெதுவாக மூடினாள்.

"ரசா?" என்று கேட்டாள்.

"அடா" என்றான்.